சுழி அடைத்த எழுத்து

அந்த எழுத்துகளை முதன்முதலாக அக்காவின் கணினித் திரையில் பார்த்தபோது, எண்ணெயில் போட்டதும் உப்பி எழும் பண்டங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. தடித்து, உருண்டு, ஒரு முனைகூடக் கூராக இல்லாமல் இருந்தன. சிராங்கூன் சாலையில் இருந்த ஓர் இனிப்புக் கடையின் பெயர்ப்பலகைக்காக அவர் வரைந்தவை. எங்கள் விளம்பர அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் அக்கா. எட்டு மாதம் வரைந்தார். கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்வெளி அடைபட்டுப்போகும். ‘ண’வின் சுழிகளைத் திறந்து வைக்கவே ஒரு வாரம் ஆனது.

பலகை எல்லோருக்கும் பிடித்துப்போனது. வருகிற வேலைகளுக்கெல்லாம் அதே எழுத்தைப் போடச் சொன்னார் முதலாளி. அப்படித்தான் அது ஊழியர் தங்கும் விடுதி ஒன்றின் அறிவிப்புகளுக்கும் போனது.

ஒரு சனிக்கிழமை மாலை, நண்பரின் வழியனுப்புக்குப் பேனர் அடிக்க வந்த கட்டுமான ஊழியர் ஒருவர் சுவரில் இருந்த மாதிரியைப் பார்த்தார்.

“இந்த எழுத்து எங்க டார்மிட்டரியிலயும் இருக்குக்கா. ‘தி எச்சரிக்கை’ன்னு கதவுல ஒட்டிருக்காங்க. அது என்ன எச்சரிக்கைன்னு பசங்க சிரிப்பாங்க.”

பெரிய பலகைக்கு வரைந்த எழுத்தைச் சிறிதாக அச்சிட்டதில், ‘தீ’யின் தலைச்சுழி அடைத்து ‘தி’ ஆகியிருந்தது. அக்கா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை முதலாளியிடம் மாற்றி அடிக்கலாம் என்றார்.

“எல்லாம் ஒட்டியாச்சு. யாரும் கம்ப்ளைன் பண்ணல, விடு லா,” என்றார் முதலாளி.

மதிய உணவு நேரங்களில் அக்கா எல்லா எழுத்துகளிலும் சுழியைப் பெரிதாக்கினார். ‘தீ’ என்ற ஓர் எழுத்தை மட்டும் ஸ்டிக்கராக அச்சிட்டு, விடுதி மேற்பார்வையாளரிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒட்டப்போக நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆறு நாள் உழைத்த உடம்பு காலையில் எழ மறுத்தது. காய்ச்சல் என்று செய்தி அனுப்பிவிட்டு, புக்கிட் பாத்தோக் வீட்டில் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தார். நான்கு மாடி, ஒவ்வோர் அறைக் கதவிலும் தனியாகவே ஒட்டியிருக்கிறார். “காய்ச்சல் கொறஞ்சுதா?” என்று மட்டும் கேட்டார். அடுத்த ஆண்டு அவருடைய வேலை அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார்.

இப்போது அந்த எழுத்து தீவின் வடகிழக்கு முனையான பொங்கோல் வரை போய்விட்டது. பிரியாணிக் கடை, பாலர் பள்ளி, திருமண வாழ்த்து என்று எங்கும் பார்க்கிறேன். அக்கா திருத்திய வடிவம்தான். சுழிகள் திறந்தே இருக்கின்றன. யார் வரைந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் முழுக்கதையையும் சொல்ல எனக்கு அலுப்பாக இருக்கிறது.

போன மாதம் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். பேச்சுக்கிடையே, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் இல்லை என்றேன்.

“தெரியும்,” என்றார். “மூணாவது மாடி ஏறும்போது எனக்கும் தோணுச்சு, நாமளும் காய்ச்சல்னு சொல்லியிருக்கலாமேன்னு.”