பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

கடிதத்தோடு ஒரு பேனையையும் வைத்திருந்தார்கள். அந்தப் பேனையைக் கண்டதும்தான் டெனிஷாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கடிதத்தில் மூன்றே வாக்கியங்கள். கம்பனியின் வாடிக்கையாளரான கொள்கலன் களஞ்சியத்தின் கணினிகள் திங்கட்கிழமை காலை நின்றுபோனதற்குத் தன் கவனக்குறைவே காரணம் என்று அவள் ஒப்புக்கொள்கிறாளாம். அதற்காக மனம் வருந்துகிறாளாம். நிர்வாகம் எடுக்கும் எந்த முடிவுக்கும் கட்டுப்படுகிறாளாம். பன்னிரண்டு மணிக்குள் கையொப்பம் வேண்டும் என்று தலைமைப் பொறியியலாளர் ஸ்ரீனிவாஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போட்டால் ஓர் எச்சரிக்கையோடு முடிந்துவிடும். போடாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அவள் வரத் தேவையில்லை.

டெனிஷாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி ஒன்றில் தாயோடு இருக்கிறாள். காலை ஆறரைக்கு வீட்டை விட்டு இறங்கினால், இரண்டு பஸ் மாறி, வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடிக்கு எட்டு மணிக்கு வந்து சேர்வாள். பதினொரு வருடமாக இதே கதிரை. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தாய்க்கு இன்னும் பிடிபடவில்லை. கணினியின் அடியில் ஓடும் கெர்னல் என்ற பகுதியை எழுதுகிறேன் என்று ஒருமுறை சொன்னாள். தாய் அதை அப்படியே மேல்வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்ல, அவள் மறுநாளே சூடாகாத ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். டெனிஷா அதையும் திருத்திக் கொடுத்தாள்.

உண்மையில் அவள் வேலை விசித்திரமானதுதான். ஒரு பெரிய கணினிக்குள் பத்துக் கணினிகள் இருப்பதுபோல் நடிக்க வைப்பார்கள். அந்தப் பத்துக்கும் தனித்தனியே நெட்வேர்க் கார்ட், டிஸ்க் எல்லாம் உண்டு. ஆனால் எதையும் கையால் தொட முடியாது. அத்தனையும் மெய்நிகர் பி.சி.ஐ. கார்ட்டுகள், அதாவது மென்பொருளில் மட்டும் இருக்கும் செருகு அட்டைகள். கணினி எழும்பும்போது கெர்னல் ஒவ்வொரு கார்ட்டிடமும் கேட்கும்: உன்னுடைய மெமரி எந்த முகவரியில் இருக்கிறது, எவ்வளவு நீளம்? கார்ட் சொல்லும் முகவரியைக் கெர்னல் தன் வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் மேப் பண்ணுவது என்பார்கள். பிறகு அந்தக் கார்ட்டுக்கான கட்டளை எல்லாம் அந்த முகவரிக்கே போகும். குறித்தது பிழைத்தால் கட்டளை இன்னொருவர் வீட்டுக்குள் போய் விழும்.

சில கார்ட்டுகளின் முகவரி நீளமானது. இரண்டு துண்டாகத்தான் வரும், கீழ்த்துண்டு முதலில், மேல்துண்டு அடுத்து. இரண்டையும் வாசித்து ஒட்டினால்தான் முழு முகவரி. அந்த இரண்டையும் ஒட்டுகிற வரிகளை டெனிஷா மார்ச் மாதம் எழுதினாள். நிம்றா சோதித்தாள். நிம்றா கம்பனிக்கு வந்து நாலு மாதமே ஆகியிருந்தது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

திங்கட்கிழமை களஞ்சியக்காரர்கள் புதிய, பெரிய சேர்வர் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். மெமரி கூடிய இயந்திரம் ஆனதால் நெட்வேர்க் கார்ட்டின் முகவரி மேலே ஏறிப்போயிற்று. கெர்னல் கீழ்த்துண்டை மட்டும் வாசித்தது. அந்த முகவரியில் இருந்தது டிஸ்க். நெட்வேர்க் கார்ட்டுக்குப் போக வேண்டிய கட்டளைகளை டிஸ்க் வாங்கிக்கொண்டு தலைகீழாக நின்றது. மூன்று நாளாகக் கேற் திறப்பதும் பெயர் பதிவதும் கையால் நடக்கிறது. வாசலில் லொறிகள் வரிசையாக நிற்கின்றன. சாரதிகள் ரோட்டிலேயே சோறு தின்று ரோட்டிலேயே படுக்கிறார்கள்.

புதன்கிழமையான இன்று காலை டெனிஷா, எந்த மாற்றத்தை யார் எழுதினார் என்று காட்டும் பதிவேட்டைத் திறந்து தன் மார்ச் மாத மாற்றத்தைப் பார்த்தாள். மேல்துண்டை வாசிக்கும் இரண்டு வரிகளும் அங்கே இல்லை. யாரோ வெட்டியிருந்தார்கள். வெட்டிய பிறகும் எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர். பரிசீலித்தவர் என்ற இடத்தில் ஸ்ரீனிவாஸ்.

அவள் எழுந்து அவருடைய அறைக்கே போனாள். ஸ்ரீனிவாஸ் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். புறக்கோட்டையில் தலைமுறையாகத் துணி வியாபாரம் செய்த குடும்பம். பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வாங்குவார், குரலை உயர்த்தவே மாட்டார். அன்றும் உயர்த்தவில்லை. அந்த வரிகளை அவள் முதலிலிருந்தே எழுதவில்லை, மறந்திருக்கிறாள் என்றார். வயதாகிறது, எல்லோருக்கும் நடப்பதுதான் என்றார். அவளுடைய பழைய பிரதியைக் காட்டச் சொன்னார். பதிவேட்டில் சேர்த்து முடிந்த மாற்றங்களின் பழைய பிரதிகளை மாதாமாதம் அழிப்பது அவர் போட்ட ஒழுங்குதான் என்பது இருவருக்கும் தெரியும்.

"உங்க பேர்தானே இருக்கு, டெனிஷா" என்றார் சிரித்துக்கொண்டே. "பேருக்குப் பொறுப்பு எடுக்கணும் இல்ல?"

அவள் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தாள். பதினொரு வருடம்! காய்ச்சலோடு வந்த நாட்கள் எத்தனை, பெற்றோல் இல்லாத காலத்தில் நடந்தே வந்த நாட்கள் எத்தனை. அதெல்லாம் ஒரு பேனைக்குள் அடங்கிவிடுமா? திரையில் தன் பெயரையே வெறித்துப் பார்த்தாள். அவமானத்தில் கண் கலங்கியதால் எழுத்துக்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

டெனிஷா ஆர்.

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

அவள் ஒருநாளும் தன் பெயரை அப்படி எழுதியதில்லை. அவள் ஆர். டெனிஷா. ஆர் என்றால் இராஜநாயகம், அவளுடைய அப்பா. கொட்டாஞ்சேனை முழுவதும் சைக்கிளில் தபால் கொடுத்த மனிதர். அவள் முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டாள். வேலைக் கடிதம் மிஸ் இராஜநாயகம் என்று வந்தது. அதை அன்றைய பையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தவரும் அவரே. வாசலில் நின்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, நான் எப்ப குமர்ப்பிள்ளை ஆனனான்?" என்று கேட்டார். வீடே சிரித்தது. அப்புறம் அவர் சிரிக்காமல் சொன்னது ஒன்றுண்டு. பேரில் ஒரு எழுத்து இடம் மாறினால் கடிதம் வேறு ஆளுக்குப் போய்விடும், தபால்காரன் பிள்ளைக்கு அது தெரிய வேண்டும் என்றார். இன்று அவர் இல்லை. அந்த எழுத்து இருந்தது. அவள் தன் கணினியில் பெயரை ஒரே ஒரு தடவை பதிந்துவைத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின் அடியிலும் அது தானாகவே விழும். எழுத்து முன்னால், பெயர் பின்னால்.

பெயரை முன்னால் போட்டு எழுத்தைப் பின்னால் போடுவது அலுவலகச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். அதிலிருந்து பார்த்து யாரோ கையால் அடித்திருக்கிறார்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. டெனிஷா கடிதத்தையும் பேனையையும் எடுத்துக்கொண்டு முதலாளி ஸாலிஹின் அறைக்குள் போனாள். ஸ்ரீனிவாஸ் ஏற்கெனவே அங்கே இருந்தார். சோதனை அறிக்கைக்காக நிம்றாவையும் கூப்பிட்டிருந்தார்கள். ஸாலிஹ் அறுபது தாண்டியவர். மின்சாதனக் கடையில் தொடங்கி இந்தக் கம்பனிக்கு வந்தவர். கெர்னல் என்றால் என்ன என்று தெரியாததை மறைக்காதவர். கையொப்பம் ஆயிற்றா என்று கேட்டார். டெனிஷா இல்லை என்றாள்.

"அப்ப எனக்கு வெளங்குற மாதிரி சொல்லுங்கோ, மகள். அங்க களஞ்சியக்காரன்ட வாசல்ல லொறி நிக்குது. என்ன பிழை நடந்த?"

"சேர், உங்கட வீட்டு நம்பர் என்ன?"

ஸாலிஹ் ஸ்ரீனிவாஸைப் பார்த்தார். பிறகு தன் வாசலில் எழுதியிருக்கும் 41/6-ஐச் சொன்னார்: "நாப்பத்தொண்டு பை ஆறு."

"அந்தப் பை ஆறை வெட்டிப்போட்டு நாப்பத்தொண்டு எண்டு மட்டும் எழுதினா, உங்கட கடிதம் எங்க போகும்?"

ஸாலிஹின் முகம் கறுத்தது. 41-இல் இருப்பவரோடு அவருக்கு வாகனம் நிறுத்தும் இடத்துக்காக ஏழு வருடச் சண்டை என்பது அலுவலகம் முழுவதும் அறிந்த கதை. "அந்த மனிசன்ட கையில போனா கிழிச்சிப் போட்டுடுவான்" என்றார்.

"அதுதான் சேர் நடந்தது. நான் முழு நம்பரும் எழுதினனான். ஆரோ பை ஆறை வெட்டிட்டினம்."

ஸ்ரீனிவாஸ் மெதுவாகக் குறுக்கிட்டார். உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதால் பதிவு மாறாது, அடியில் அவள் பெயர்தான் இருக்கிறது என்றார். டெனிஷா சுவரிலிருந்த பெரிய திரையில் பதிவேட்டைத் திறந்தாள். பதினொரு வருடத்தில் அவள் செய்த நானூற்றுச் சொச்சம் மாற்றங்களும் வரிசையாக வந்தன. ஆர். டெனிஷா. ஆர். டெனிஷா. ஆர். டெனிஷா. அவள் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டே போனாள். மார்ச் மாதம் வந்ததும் நிறுத்தினாள். ஒரே ஒரு வரி மட்டும் வேறாக நின்றது. அது ஒரு சோடிச் செருப்பில் கால் மாறிப் போட்டதுபோல் தெரிந்தது.

"ஒரு எழுத்து முன்ன பின்ன ஆனா என்னங்க?" என்றார் ஸ்ரீனிவாஸ். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

டெனிஷாவின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. அது உயர்ந்ததைவிடப் பயங்கரமாக இருந்தது.

"முன்னுக்குப் பின்னுக்கு ஆனபடியால்தான் அங்க மனுசர் ரோட்டில படுக்கினம், சேர். அந்த எழுத்து என்ர அப்பா. என்ர மெசின் அவரைப் பின்னுக்கு விடாது. இதை அடிச்சது என்ர மெசின் இல்லை. ஆரின்ர மெசின்?"

ஸ்ரீனிவாஸ் முதலாளியைப் பார்த்தார். முதலாளி திரையைப் பார்த்தார். அப்போது மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது.

"சேர், நான் டெஸ்ட் பண்ணின நேரம் அந்த ரெண்டு லைனும் இருந்த. பேர்லயும் ஆர் முன்னுக்குத்தான் இருந்த." நிம்றா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஸ்ரீனிவாஸ் அவளை நோக்கித் திரும்பியபோதும் அவள் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஸ்ரீனிவாஸுக்கு ஒளிக்க இடமிருக்கவில்லை. அலுவலகத்திலுள்ள சோதனை இயந்திரங்கள் எல்லாம் சிறியவை, மேல்துண்டு எப்போதும் பூச்சியமாகவே வந்தது, தேவையில்லாத வரிகள் என்று எண்ணித் தன் மடிக்கணினியில் வெட்டினேன் என்றார். எழுதியவரும் பரிசீலிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது கம்பனி விதி. வெட்டியவர் என்று தன் பெயரைப் போட்டால் பரிசீலிக்க வேறு ஆளைத் தேட வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்டும் நாள் நெருங்கிவிட்டது. அதனால் அவள் பெயரையே அடித்துவிட்டார். திங்கட்கிழமை எல்லாம் நின்றபோது அது அவருக்கு வசதியாகப் போயிற்று. இந்தக் கடைசிப் பகுதியை அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை.

ஸாலிஹ் கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தார். நடந்தது நடந்துவிட்டது, அவள் உடனே அந்த இரண்டு வரிகளையும் திரும்பப் போட்டு அனுப்பட்டும், யார் வெட்டியது என்ற கதை இந்த நான்கு சுவருக்குள் இருக்கட்டும் என்றார். கம்பனியின் மானத்தையும் பார்க்க வேண்டுமல்லவா என்றார்.

"என்ர பேரைப் போட்டு எழுதேக்க கம்பனிக்கு மானம் இருக்கேல்லையா, சேர்?"

ஸாலிஹ் கிழித்த துண்டுகளை மேசையில் வைத்தார்.

கம்பனியில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிறர் எழுதியதில் கை வைத்தவர், என்ன செய்தேன் என்று சதுர அடைப்புக்குறிக்குள் தன் பெயரோடு ஒரு வரி எழுத வேண்டும். களஞ்சியக்காரரின் பொறியியலாளர்களும் அந்தப் பதிவை வாசிப்பார்கள். அந்த ஒரு வரி எழுதப்படும் என்ற உறுதி கிடைக்காமல் தான் விசைப்பலகையைத் தொடப்போவதில்லை என்று டெனிஷா சொன்னாள். லொறிகள் நிற்பது அவளுக்கு நெஞ்சை அறுக்காமல் இல்லை. ஆனாலும் பதினொரு வருடத்தில் முதன்முறையாக, அவள் காத்திருக்கத் தயாராக இருந்தாள்.

ஸாலிஹ் சுவர்த் திரையில் வேறாக நின்ற அந்த ஒரு வரியைத் திரும்பப் பார்த்தார். பிறகு ஸ்ரீனிவாஸிடம், "போய் எழுதுங்கோ" என்றார்.

டெனிஷா இரண்டு வரிகளையும் பத்து நிமிடத்தில் திரும்ப எழுதினாள். நிம்றா பெரிய மெமரி கொடுத்த மெய்நிகர் இயந்திரமொன்றில் ஓட்டிப் பார்த்தாள். நெட்வேர்க் கார்ட் தன் வீட்டில், டிஸ்க் தன் வீட்டில். பிறகு குறிப்பு எழுதுவதற்காக ஸ்ரீனிவாஸ் அவள் கதிரையில் உட்கார்ந்தார். அவள் பின்னால் நின்றாள். அவர் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். மார்ச் மாதம் மேல்துண்டு வாசிக்கும் வரிகளை நான் அகற்றினேன், மூல ஆசிரியருக்குத் தெரியாது, ஸ்ரீனிவாஸ். அடுத்த வரியில் மூல ஆசிரியர் யார் என்று வர வேண்டும். அவர் விரல்கள் பழக்கத்தில் ஓடின.

டெனிஷா ஆர்.

"எழுத்து முன்னுக்கு, சேர்" என்றாள்.

அவர் அழித்தார். பின்னாலிருந்த எழுத்து போயிற்று, பெயரும் போயிற்று. வெறும் வரியில் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்ப அடித்து முடிக்கும்வரை டெனிஷா கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் அவர் தோளுக்கு மேலால் கையை நீட்டி, அனுப்பும் விசையை அவளே அழுத்தினாள். கடிதத்தோடு வந்த அந்தப் பேனையை எடுத்து அவருக்கு முன்னால், மேசையில் வைத்தாள்.