மூடுபனியில் எடுத்த காலி மைதானம்

சமீபத்தில் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நான் எடுத்த போட்டோக்களை டிவியில் போட்டுக் காட்டினார்கள். பெருமையாகத்தான் இருந்தது... செகரட்டரி வாயைத் திறக்கும் வரை.

"பாருங்க, நம்ம மைதானம். ஒரு ஈ காக்கா இருக்குதா? சும்மா கெடக்கற எடத்தை கார் பார்க்கிங் பண்ணிட்டா, சீசன்ல டூரிஸ்ட் வண்டி நம்ம வாசல்ல நிக்காதுங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

என் காலைப் பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, செல்போனோடு தெருத்தெருவாகப் போவேன். குன்னூரிலிருந்து வெலிங்டன் போகும் வழியில், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேட்டை எங்களுடையது. படிக்கட்டு, வளைவு, தேயிலை ஓரத்துச் சந்து, அந்த மைதானம் எல்லாவற்றையும் எடுப்பேன். எப்போது? மூடுபனி இறங்கியிருக்கும்போதுதான். அப்போதுதான் சில்வர் ஓக் மரங்கள் பென்சிலில் வரைந்த மாதிரி இருக்கும். எடுத்ததைச் சங்கத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். "சூப்பர் சார்" வரும். மனசு நிறைந்துவிடும்.

அந்தப் படங்கள்தான் இப்போது சாட்சி சொல்ல வந்து நின்றன!

எழுந்து மறுக்கலாம் என்றால், படத்தில் ஆள் இல்லைதானே? அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று கலைந்தார்கள்.

வெளியே படிக்கட்டில் சரோஜாக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்கு இரண்டு படி வரிசை மேலே இருப்பவர்.

"ஏனுங்க தம்பி, நல்லா எடுத்தீங்க போங்க. அப்படியே எங்கூட்டுக்காரர் காலையும் கட்டிப் போட்டுருங்க."

அவர் வீட்டுக்காரர் நடராஜண்ணன், ராணுவ ஆபீஸில் சிவிலியன் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. வாக்கரைப் பிடித்துத் தினமும் நடந்தால்தான் கால் திரும்பும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் எங்கே நடப்பது? வாசலைத் தாண்டினால் படி, படியைத் தாண்டினால் சரிவு. எங்கள் பேட்டையில் சமதரை என்று இருப்பது அந்த மைதானம் ஒன்றுதான். மகனும் பக்கத்து வீட்டுப் பையனும் கைத்தாங்கலாக அங்கே கொண்டுபோய் விடுவார்கள்.

"நான் போறப்ப யாருமே இருக்கறதில்லையேக்கா..."

"மிஸ்ட்டுல எவன் வெளிய வருவான்? மேகம் எறங்குனா மனுசன் உள்ள, வெயில் ஏறுனா கம்பளி வெளிய. இது தெரியாம இத்தன வருசம் மலையில என்னத்தக் குடியிருந்தீங்க?"

இந்த வசனத்தை அங்கேயே மனசில் குறித்துக்கொண்டேன். திட்டு வாங்கும்போதும் நல்ல பேச்சை விடக்கூடாது என்பது என் கொள்கை.

நாலைந்து நாள் கழித்துப் பளிச்சென்று வெயில். பத்து மணிவாக்கில் போனேன். அட... இதுவா அந்த மைதானம்?

கம்பிவேலி முழுக்கக் கம்பளியும் ரஜாய்ப் போர்வையும். சுவர் மேல் ஈர ஸ்கூல் ஷூக்கள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக. தலைக்குக் குளித்த பெண்கள் முதுகை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்து, பட்டாணி உரித்துக்கொண்டே யாரையோ கிழித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், வாக்கரை டொக், டொக்கென்று ஊன்றி, மெதுவாக, நடராஜண்ணன்.

செல்போனைத் தூக்கினேன். அவர் நின்றுவிட்டார்.

"என்னைய எடுக்காதீங்க தம்பி."

"மைதானத்துக்காகத்தாண்ணே..."

"தெரியுமுங்க. வாக்கரோட பார்த்தா எல்லாரும் பாவம்பாங்க. பாவம்னு சொல்லி ஒரு எடத்தை வாங்கோணுமா?"

செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். சரோஜாக்கா விடவில்லை.

"பாவம்னு சொன்னாச் சொல்லிட்டுப் போறாங்க. எடம் போச்சுன்னா படியிலதான் நடக்கோணும். அதுல விழுந்தா அவங்களா வந்து தூக்குவாங்க?"

பட்டாணி உரித்த கைகள் நின்றுவிட்டன. நடராஜண்ணன் மெல்ல ஒரு கையால் குரங்குக் குல்லாவைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

"பின்னாடி நின்னு எடுங்க. மொகம் வேண்டாம்."

அப்படியே எடுத்தேன்.

அடுத்த கூட்டம். வெயில் படங்களை வரிசையாகக் காட்டினேன். கம்பிவேலிப் படம் வந்ததும் செகரட்டரியின் மனைவி, "அந்தச் செவப்புக் கம்பளி நம்மூட்டுதுங்க," என்றார்.

"நம்மூட்டுதா? எப்பப் போட்டே?"

"வெயிலடிக்கற அன்னிக்கெல்லாம் போடறேன். நீங்க அப்ப ஆபீஸ்ல இருப்பீங்க. ராத்திரி போத்தறப்ப சூடா இருக்குதில்ல, எப்படின்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. செகரட்டரியும் சிரித்துவிட்டார், நல்ல மனுஷன். அவரைச் சொல்லி என்ன? எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் வெயில் நேரத்தில் ஊரைப் பார்த்ததே இல்லை. நானும்தான். காலியாகப் பார்த்துவிட்டுக் காலி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

கடைசியாக நடராஜண்ணன் முதுகு.

"யாருங்க அது? நல்லா நிமுந்து நிக்கறாரே," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

யாரும் பாவம் என்று சொல்லவில்லை. ஓரத்து நாற்காலியில் இருந்த நடராஜண்ணன் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜாக்கா அவர் சால்வையைச் சரிசெய்தார், அது சரியாக இருந்தபோதும்.

பார்க்கிங்குக்குக் கீழ் ரோட்டு ஓரத்தைப் பார்க்கலாம் என்று முடிவானது. மைதானம் மைதானமாகவே இருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் மறுநாள் வெயில் அடித்திருக்க வேண்டும், இல்லையா? அதுதான் இல்லை. ஒரு வாரமாக வெள்ளை வேட்டியை விரித்துப் போட்ட மாதிரி மூடுபனி. நேற்றுக் காலையும் மைதானத்து ஓரம் போய் நின்றேன். கம்பிவேலிகூடத் தெரியவில்லை.

ஆனால் பனிக்குள்ளே எங்கேயோ டொக்... டொக்... என்று ஒரு சத்தம். கூடவே சரோஜாக்காவின் குரல்: "இந்தக் குளுருல வராதீங்கன்னா கேக்கறீங்களா?"

இது எந்த செல்போன் கேமராவிலும் விழாதுங்க!