பெருவிரலின் ஒன்பது படங்கள்

புவனா போய்விட்டாள் என்று போனில் சொன்னபோது நான் களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். உடனே என் வலது பெருவிரலைத்தான் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த விரலைப் பற்றி அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றியிருக்கவில்லை.

எங்கள் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்த புவனாவோடு, உங்கள் புவனேஸ்வரி மிஸ்ஸியோடு, வேலை செய்த உங்களுக்கு அவளுடைய கண்ணைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பனிச்சங்கேணியிலிருந்து பத்து நாள் காய்ச்சலோடு வந்த மீனவரை நினைத்துப் பாருங்கள். கை நகங்களுக்குள் சிராய் ஏறியதுபோல் மெல்லிய செங்கோடுகள். வலை இழுக்கிற கைதானே, அடிபட்டிருக்கும் என்றேன் நான். அவள் குனிந்து கால் நகங்களைப் பார்த்தாள். அங்கேயும் கோடுகள்.

"காலால ஆரும் வலை இழுக்கிறல்ல, புள்ள. டொக்டரக் கூப்பிடு," என்றாள்.

இரத்தம் சோதித்தபோது இதய வால்வில் கிருமி. மனிதர் பிழைத்துக்கொண்டார்.

என் விரலில் வந்தது வேறு. காய்ச்சல் இல்லை. ஒரே நகம், அடியிலிருந்து நுனிவரை ஒரே சிவப்புக் கோடு, நுனியில் சின்ன வெடிப்பு. அடிபட்ட இரத்தமென்றால் நகத்தோடு வளர்ந்து வெளியே போய்விடும், இது அடியிலிருந்து அப்படியே நிற்கிறது, நகத்துக்குக் கீழே ஏதோ இருக்கிறது என்றாள் புவனா. பெரும்பாலும் ஒன்றும் இராதாம். "அதை ஆர் சொல்லுற, நீயா? தோல் டொக்டரிட்டக் காட்டுகா."

நான் என்ன செய்தேன்? மேட்ரன் ஏசியதையும் கேளாமல், தீபாவளிக்கு மருதோன்றி அரைத்து, கோடு மறையப் பத்து நகத்துக்கும் அப்பினேன். வெட்டிப் பார்ப்பார்களே என்ற பயம், வேறென்ன! புவனா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு மாதாமாதம் டியூட்டி லிஸ்ட் ஒட்டும் நாளில் என் கையை யன்னலடிக்கு இழுத்துப் போய்த் தன் போனில் படம் எடுத்தாள்.

"மருதோன்றி வளந்து போயிரும். கோடு போகாது. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்," என்றாள்.

வருஷப்பிறப்புக்கு முன் போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். போகவில்லை.

மரண வீட்டில் அவள் மகள் வீங்கிய கண்ணோடு அவளுடைய போனை நீட்டினாள். "கண்ணீர் அஞ்சலிக்கு அம்மாட படம் தேடினன் அன்ரி. எல்லாம் உங்கட பெருவிரல்தான் கிடக்கு."

ஒன்பது படங்கள். தன் நெஞ்சு நோவை மட்டும் வாயு என்று சொல்லிச் சோடா குடித்தாளாம். அடி புவனா, எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் தோல் கிளினிக்குக்குப் போனேன். மகள் எனக்கு அனுப்பிய ஒன்பது படங்களையும் டொக்டர் வரிசையாகப் பார்த்து, கோடு கொஞ்சம் அகன்றிருக்கிறது என்றார். யார் எடுத்தது என்று கேட்டார். சிநேகிதி என்றேன். சிறு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வரவில்லை. இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கட்டுப் போட்ட விரலோடுதான் இதை எழுதுகிறேன்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒன்பது படங்களையும்தான். கட்டு அவிழ்க்கும் நாளில் யன்னலடியில் நின்று பத்தாவதை நானே எடுக்க வேண்டும். இடது கையால் எடுப்பதால் அது கொஞ்சம் ஆடித்தான் வரும்.