இருபத்தெட்டாவது நட்சத்திரம்

காலையில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யலாம் என்று போனோடு உட்கார்ந்தேன். திரையில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு, 'ஏதோ தவறு நடந்துவிட்டது, சிறிது நேரம் கழித்து முயலவும்' என்று வந்தது. என்ன தவறு, எங்கே தவறு என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் எழுந்து ஹாலில் நடக்க ஆரம்பித்துவிட்டேன். சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏம்பா இப்படி குறுக்கும் நெடுக்கும் நடக்கறீங்க? விட்டா அதுவே சரியாயிடும்" என்றாள். அவளுக்கு அப்படி. எனக்கு ஒரு புரோகிராம் நின்றுவிட்டால் கால் நிற்காது. இந்த வியாதி குரோம்பேட்டையில் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில், மாடியில், ஒரு கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. இருப்பது ஒரே கம்ப்யூட்டர், அதற்கு மட்டும் ஏசி அறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். தூசு மெஷினுக்கு ஆகாது என்பது காரணம். ஆனால் வருகிறவர்கள் பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நுழைவார்கள். மானிட்டரின் நெற்றியில் முதலாளி தினமும் வைக்கும் சந்தனமும், பிரிண்டர் ரிப்பன் மையும், ஏசியின் ஈர வாடையும் கலந்த ஒரு வாசனை அந்த அறைக்கு. இன்றைக்கும் எங்காவது பழைய ஏசியைப் போட்டால் எனக்குச் சந்தனம் மணக்கிறது.

ஜாதகம் கணிக்கும் புரோகிராமை எழுதியது நான். வயது இருபத்து மூன்று, மீசையைவிடத் திமிர் அடர்த்தியாக இருந்த காலம். வாசலில் 'பிழையே வராத கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று ஒரு போர்டு தொங்கும். அந்த வாசகமும் என்னுடையதுதான். பெயிண்டர் 'பிழையற்ற' என்று சுருக்கப் பார்த்தபோது சண்டை போட்டு 'வராத' என்று எழுத வைத்தேன்.

என்னோடு வேலை பார்த்தவர் சுகுணா அக்கா. சேலையூரிலிருந்து பஸ் பிடித்து, தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி வருவார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கேட்டு மெஷினில் அடிப்பது அவர் வேலை. ஊராருடைய கல்யாணத்துக்கெல்லாம் ஜாதகம் அடித்துக் கொடுத்தவருக்கு வயது முப்பத்திரண்டு ஆகியும் எதுவும் அமையவில்லை. வீட்டில் அப்பா இல்லை, அம்மா மட்டும். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லடா" என்பார். அம்மாவுக்கு இருந்தது. அக்காவுக்கும் இருந்தது என்பது, பல்லாவரத்திலிருந்து ஒரு வரன் வந்து, போட்டோவில் இரண்டு பக்கமும் பிடித்துப்போன வாரத்தில் தெரிந்தது. மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டுப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பையனின் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். கையால் எழுதிய ஜாதகத்தை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம், கம்ப்யூட்டரில் கண் முன்னால் எடுக்கவேண்டும். அன்றைக்கு அது சகஜம். ஆக, ஒரு வெள்ளிக்கிழமை காலை பையனின் அம்மாவும் மாமாவும் எங்கள் கடைக்கே வந்துவிட்டார்கள். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் முடியவேண்டும்.

"பொண்ணு கையால அடிக்க வேணாம். தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் அந்த அம்மா. தப்பாகத்தான் நினைத்தேன். அக்கா சிரித்துக்கொண்டே எழுந்து பிரிண்டர் பக்கம் போய் நின்றார். முதலாளி வந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். எனக்குக் கை பரபரத்தது.

முதலில் பையனுடையது. பிரிண்டர் கரகரவென்று கட்டத்தைப் போட்டுத் தள்ளியது. அடுத்து அக்காவுடையது. திரையில் கிரகங்கள் வரிசையாக வந்துகொண்டே இருந்து, நட்சத்திரம் வரவேண்டிய இடத்தில் நின்றது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. நான் போட்டு வைத்த பட்டியலுக்கு வெளியே ஏதோ ஒரு எண் போய்விட்டது, இரண்டாயிரத்து நூற்று நாற்பதாவது வரியில், என்று அதற்கு அர்த்தம்.

"என்னாச்சு?" என்றார் அந்த அம்மா.

"வோல்டேஜ் கம்மிம்மா" என்றார் முதலாளி. எதற்கும் அவரிடம் இருந்த ஒரே பதில் அது. மெஷினை அணைத்து மறுபடி போட்டு, மறுபடி இரண்டு விரல். மறுபடி அதே இடத்தில் நின்றது.

பையனின் மாமா ட்யூப்லைட்டைப் பார்த்தார். "லைட்டு நல்லாத்தான கீது? ஏசியும் ஓடுது. வேற யாருக்குனா போட்டுக் காட்டு சார்" என்றார்.

உண்மையில் அதுதான் சரியான சோதனை. எங்கே கோளாறு என்று தேடுகிற எவனும் முதலில் அதைத்தான் செய்வான். முதலாளி தன் பிறந்த தேதியை அடித்தார். தங்குதடையில்லாமல் ஓடி, அச்சாகி வந்தது. மாமா தன்னுடையதைச் சொன்னார். அதுவும் வந்தது. மூன்றாவது முறையாக அக்காவுடையது. நின்றது.

பையனின் அம்மா மெதுவாக எழுந்தார். "மெஷினே வேணாங்குது. எழுந்திரு, போலாம்" என்று தம்பியிடம் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா பிரிண்டரில் தொங்கிய தாளின் ஓரத் துளைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

அவர்கள் படியிறங்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் தோண்டினேன். பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அக்கா ரேவதி நட்சத்திரம். இருபத்தேழாவது, கடைசி நட்சத்திரம். அதிலும் அது முடிகிற கடைசி நிமிடத்தில் பிறந்தவர். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று, சந்திரன் நிற்கும் பாகையின் பின்னத்தை அருகிலிருக்கும் முழு எண்ணுக்குத் தள்ளும்படி நான் எழுதியிருந்தேன். மயிரிழை தள்ளியதில் அக்கா இருபத்தேழைத் தாண்டிவிட்டார். இல்லாத இருபத்தெட்டாவது நட்சத்திரத்தைத் தேடிப் போய் மெஷின் திகைத்து நின்றிருக்கிறது. வரியைத் திருத்தினேன். ஓடியது. ரேவதி, நாலாம் பாதம். பத்தில் எட்டுப் பொருத்தம்!

பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில், பஸ் ஸ்டாப்பில், அந்த அம்மாவின் பச்சைப் புடவை தெரிந்தது. குனிந்து நுழைந்தேன். கேட்கீப்பர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னாபா, சாவறதுக்கு என் கேட்டுதான் கெடச்சுதா? வண்டி வந்துகினு கீது, கண்ணு தெரில?" வந்தது கூட்ஸ் வண்டி. அவ்வளவு நிதானமான கூட்ஸ் வண்டியை நான் பிறகு பார்க்கவே இல்லை. நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். அது போய் முடிந்தபோது பஸ் ஸ்டாப் காலி.

சாயங்காலம் பல்லாவரம் போய் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துத் தாளை நீட்டினேன். அந்த அம்மா வாங்கவில்லை. மோர் கொடுத்தார். "நின்னது நின்னதுதான் தம்பி. இப்ப நீ சரி பண்ணிக் கொண்டாந்தா ஆச்சா?" என்றார்.

மறுநாள் அந்தத் தாளை அக்காதான் வாங்கிக்கொண்டார். நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "மெஷின் நின்னதுக்கே எழுந்து போறவங்க, நான் ஜுரத்துல படுத்தா பக்கத்துல உக்காருவாங்களாடா?" என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனவர் வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்து, மெஷினின் தூசுக் கவரை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தபடியே கேட்டார்: "உன் தப்புன்னு அவங்க இருக்கும்போதே தெரியுமா உனக்கு?"

"இல்லக்கா. அப்புறம் நோண்டினப்பதான் தெரிஞ்சுது" என்றேன்.

அடுத்த பொங்கலுக்குள் அவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். சேலையூர் வீட்டையும் காலி செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கல்யாணம் ஆனதா என்று தெரியாது. எத்தனையோ முறை சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, அவர் வயதுப் பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

கடை இல்லை. ரயில்வே கேட் இல்லை. ஜாதகம் போனிலேயே வந்துவிடுகிறது. செருப்பை யாரும் கழற்றுவதில்லை. தவறு எந்த வரியில் என்று சொல்கிற வழக்கத்தையும் மெஷின்கள் விட்டுவிட்டன. அன்றைக்கு அந்த மெஷின் மறைக்கவே இல்லை. மூன்று முறையும், வரி எண்ணோடு, என் தப்பு என்று திரையில் எழுதிக் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் அது யார் எழுதிய வரி என்று தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான்.