கைலாசகோனையில் ஒரு பிடி உப்பு

ரத்தினம்மா எதற்கும் அசந்துபோகிறவள் அல்ல. கிணறு வற்றினாலும் மாடு படுத்துக்கொண்டாலும் "ஆவும், பாத்துக்கலாம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிடுவாள். புத்தூர்ப் பக்கத்தில் அவளைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். "எறங்குறது அவ, இழுக்குறது நானு" என்பார் அவள் புருஷன் செங்கல்வராயன்.

அந்த வருஷம் எல்லைத் தகராறு ஒருவழியாக முடிந்தது. திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு போனது, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. திருத்தணியில் குடியிருந்த அவள் தம்பி தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. புத்தூரையும் சேர்க்கச் சொல்லி நடந்த போராட்டத்தில் ஜெயிலுக்குப் போய் வந்தவன் அவன். புத்தூரும் வந்து சேருகிறவரை ஆந்திராவில் எந்த வீட்டு வாசப்படியும் மிதிப்பதில்லை, எந்த வீட்டுச் சோறும் தின்பதில்லை என்று முருகன் சந்நிதியில் சபதம் போட்டுவிட்டான். கோடு போட்டவர்கள் எங்கோ இருந்தார்கள், கோபம் அக்காள் வீட்டுச் சோற்றின்மேல் விழுந்தது.

தை மாதம் மகள் தாட்சாயணிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் பெண் மணையில் உட்காருவதா? இதற்கு மட்டும் ரத்தினம்மாவால் "ஆவும்" என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை.

கார்த்திகை வந்தால் ஊர்த் தெலுங்குக்காரர்கள் குடும்பத்தோடு காட்டுக்குப் போய், நெல்லி மரத்தடியில் சமைத்துச் சாப்பிடுவார்கள். வனபோஜனம் என்று பெயர். தமிழ்க் குடும்பங்களும் வெகுகாலமாக அதில் சேர்ந்துகொண்டிருந்தன. கைலாசகோனை அருவியில் குளித்துவிட்டு வந்து சாப்பிடுவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? கைலாசகோனைக் காட்டுக்கு வாசப்படி கிடையாது, உன் சோற்றை நீயே ஆக்கிக்கொள், பிள்ளைகளுக்கு அருவியைக் காட்டு என்று தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.

வந்துவிட்டான். அக்காள் பொருள் எதுவும் ஒட்டக்கூடாதென்று அரிசி, பருப்பு, பானை, விறகு எல்லாவற்றையும் தானே மூட்டை கட்டி ரயிலேற்றிக் கொண்டு வந்திருந்தான். பிள்ளைகள் அருவியை விட்டு வெளியே வரவேயில்லை. நெல்லி மரத்தின் இந்தப் பக்கம் ரத்தினம்மாவின் அடுப்பு, அந்தப் பக்கம் அவன் அடுப்பு.

இலை போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. சமையல்கட்டை எட்டிப் பார்த்தறியாதவன் மூட்டை கட்டினால் உப்பு எப்படி வரும்? அவன் பெண்டாட்டிக்குக் காலையிலேயே தெரியும், வாயைத் திறக்கவில்லை, கெட்டிக்காரி. பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். அருவித் தண்ணீரில் ஆக்கினால் அப்படித்தான் இருக்கும் என்று அதட்டினான். அவர்கள் அதை நம்பாமல் அத்தை இலைக்கு ஓடிவிட்டார்கள்.

செங்கல்வராயன் மனம் பொறுக்காமல் கொஞ்சம் உப்பு கொடுத்தனுப்பச் சொன்னார். ரத்தினம்மா மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். அவனே வருவான் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே உப்புக் குறைந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

கடைசியில் எழுந்து வந்து கையை நீட்டினான். "அக்கா, கொஞ்சம் உப்பு குடு."

அவள் உப்புச் சட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "உப்பைக் கைல குடுத்தா சண்டை வரும்டா. கீற சண்டையே போதும். வந்து குந்து, நீயே எடுத்துக்கோ."

அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் உப்பைக் கைக்குக் கை கொடுக்கமாட்டார்கள். அவனும் அதில் வளர்ந்தவன்தான். தன் இலையைத் தூக்கிவந்து அக்காள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஒரு பிடி அள்ளிக்கொண்டான். அவள் கேட்காமலே குழம்பை ஊற்றினாள். அவன் இலையை நகர்த்தவில்லை.

பாதிச் சாப்பாட்டில், குனிந்த தலை நிமிராமல் கேட்டான். "தாட்சாயணிக்கு மாலை திருத்தணியிலயே கட்டச் சொல்லட்டா?"

ரத்தினம்மாவுக்கு இருந்த ஒரே கவலை தீர்ந்தது. சந்தோஷத்தில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். செங்கல்வராயன்தான் சும்மா இருக்கமாட்டாமல், வாசப்படி மிதிக்கமாட்டேன் என்றாயே என்று மச்சானைச் சீண்டினார்.

"பந்தலுக்கு ஏது மாமா வாசப்படி" என்று சொல்லிவிட்டு, தணிகாசலம் மறுசோறுக்கு இலையைக் காட்டினான்.