ஜீப்புக்கு வந்த ட்ரான்ஸ்ஃபர்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு வந்து அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியபோது எனக்கு ஏழு வயது. ஜீப் வந்து நின்ற பிறகும் புகை நிற்கவில்லை. எதிர்வீட்டு மாமி மாடியில் காயப்போட்ட துணிகளை அவசரமாக எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா இடுப்பில் கை வைத்தபடி வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ மரை கழண்ட கேஸ்டா" என்று தம்பியிடம் சொன்னாள்.

நான் எதையும் சும்மா விடுகிற குழந்தை இல்லை. "எந்த மரை மாமா கழண்டுடுச்சு?" என்று கேட்டேன். மாமா சிரித்துக்கொண்டே என்னை ஜீப்புக்கு அடியில் எட்டிப் பார்க்கச் சொன்னார். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை அவருக்கு. ஆனால் கையில் கிரீஸ் படுவதற்காகவே பிறந்தவர் என்று தன்னைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம் இருந்தது. மாடி போர்ஷனில்தான் குடியிருந்தார். சாப்பாடு எங்கள் வீட்டில்.

வண்டிக்கு அடியில் நடுவாக ஓர் இரும்புப் பெட்டி தெரிந்தது.

"இதுதான் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். இன்ஜின் சக்தியை முன் சக்கரத்துக்குத் தனியா, பின் சக்கரத்துக்குத் தனியா பிரிச்சு அனுப்பும்" என்றார் மாமா.

ட்ரான்ஸ்ஃபர் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். பிரிப்பது என்று அர்த்தம் போலிருக்கிறது என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் ஜீப்பில் குன்றத்தூர் முருகன் கோவிலுக்கு அழைத்துப் போவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குமுன் வண்டிக்கு ஆயில் மாற்ற வேண்டும். அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் மேலே ஒரு பிளக், அடியில் ஒரு பிளக். இரண்டும் ஆறு பட்டை வைத்த பெரிய போல்ட் மாதிரி இருக்கும். மேல் பிளக்கைத் திறந்து ஆயில் ஊற்றுவார்கள், கீழ்ப் பிளக்கைத் திறந்து வடிப்பார்கள். மாமா போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுக் கீழ்ப் பிளக்கைத் திறந்தார். பழைய பெயின்ட் வாளியில் கறுப்பாக ஆயில் இறங்கியது. அழுகின முட்டை நாற்றம். வடிந்து முடிந்ததும் அதை மூடிவிட்டு மேல் பிளக்குக்கு வந்தார்.

வண்டி அந்தக் காலத்து இஞ்ச் கணக்கு. மாமாவிடம் இருந்த ஸ்பேனர்கள் மில்லிமீட்டர் கணக்கு. "கொஞ்சம் லூஸா இருக்கு, பரவால்ல" என்று சொல்லி ஸ்பேனரை மாட்டி ஓர் அழுத்து அழுத்தினார். ஸ்பேனர் வழுக்கிக்கொண்டு வந்தது, மாமா மல்லாக்க விழுந்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி விழுந்தார். மூன்றாவது முறை பார்த்தபோது பிளக்கின் ஆறு பட்டையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. பிளக் மட்டும் இம்மியும் நகரவில்லை.

அப்புறம்தான் அந்த வீடியோவை ஆரம்பத்திலிருந்து பார்த்தார். மேல் பிளக் கழலும் என்று தெரிந்துகொண்ட பிறகே கீழே கை வைக்க வேண்டும் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். எந்த வீடியோவையும் நடுவிலிருந்து பார்க்கிற பழக்கம் மாமாவுக்கு. உள்ளே சொட்டு ஆயில் இல்லை. ஊற்றவும் வழியில்லை. ஆயில் இல்லாமல் வண்டியை எடுத்தால் உள்ளே பல்சக்கரங்கள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

"மேல இருக்கறது அசைஞ்சாதான் எதுவும் நடக்கும்" என்று மாமா பெருமூச்சு விட்டார்.

அதே வாரத்தில்தான் வீட்டுக்குள்ளும் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. அப்பாவுக்குத் தாம்பரத்தில் அரசு அலுவலகத்தில் வேலை. அம்மா குரோம்பேட்டையில் டீச்சர். அப்பாவைத் தூத்துக்குடிக்கு மாற்றி உத்தரவு வந்திருந்தது. அதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. குழந்தைக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் சமையலறையில் அவர்கள் குசுகுசுவென்று பேசுவது ஹாலில் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"மேல இருக்கறவங்க அசையவே மாட்டேங்கறாங்க" என்றார் அப்பா.

"இந்த ட்ரான்ஸ்ஃபர் விஷயம் சரியாகற வரைக்கும் எனக்குச் சோறு இறங்காது" என்றாள் அம்மா. "குடும்பத்தையே பிரிச்சிடும்போல இருக்கே."

நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். பிரிக்கிற பெட்டி, மேலே இருப்பது அசையவில்லை, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குப் புரியாதது ஒன்றே ஒன்றுதான். மாமாவின் ஜீப்புக்காக அம்மா ஏன் சாப்பிடாமல் இருக்க வேண்டும்? அதோடு விடவில்லை. ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். "முருகா, இந்த ட்ரான்ஸ்ஃபரை எப்படியாவது நல்லபடியா முடிச்சுக் குடு" என்று அவள் முணுமுணுத்ததை நானே காதால் கேட்டேன். ஓர் ஓட்டை வண்டியை வாங்கியதற்காக மாமாவை மரை கழண்ட கேஸ் என்று திட்டிவிட்டு, உள்ளுக்குள் அதன்மேல் இத்தனை அக்கறையா என்று அம்மாவைப் பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு உளியால் பிளக்கின் ஓரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "ட்ரான்ஸ்ஃபரை நெனச்சு அம்மா அழறா மாமா."

தட்டும் சத்தம் நின்றது. "தெரியும்மா" என்றார். செய்த தப்பை நினைத்து வருத்தப்படுகிறார், நன்றாக வேண்டும் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

துருவை இளக்கும் எண்ணெய் விட்டுப் பார்த்தார். குழாய் ரெஞ்சால் கவ்விப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, பிளக் வரவில்லை. அன்று காலை அப்பா பொத்தேரிக்குக் கிளம்பினார். பெரிய அதிகாரி ஒருவர் அங்கே குடியிருந்தார். நேரில் பார்த்துப் பேசினால் மனசு மாறலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சரி, ஜீப்பைப் பற்றித் தெரிந்த ஆளாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அம்மா வாசல் வரை வந்து, "போன் பண்ணுங்க" என்றாள்.

அப்பா போன கையோடு மாமா அடுத்த தெருவில் கிரில் பட்டறை வைத்திருந்த அண்ணாவை அழைத்து வந்தார். அந்த அண்ணா குனிந்து பார்த்தார்.

"இன்னா சார் இது, பூரிக்கட்டை கணக்கா மழுங்கிக் கீது?"

"உளி வச்சு அடிச்சுப் பாத்தேன்."

"அடிச்சா அது இன்னும் முறுக்கிகினு குந்தும் சார். மேல ஒரு நட்டை வச்சி ஒட்டி, நட்டைத் திருகுனா பிளக்கும் சேந்து வரும். ரெண்டே நிமிசம்."

என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள், வெல்டிங் வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. எதிரே காம்பவுண்டுச் சுவரில் நீல வெளிச்சத்தில் என் நிழல் துள்ளித் துள்ளி விழுந்தது. சத்தம் அடங்கியதும் ஸ்பேனரைப் போட்டு இழுத்தார்கள். நட்டு மட்டும் பிய்ந்து உருண்டு சாக்கடையில் விழுந்தது.

"ரெண்டு நிமிஷம்னீங்களே" என்றார் மாமா. தனக்கு ஒரு துணை கிடைத்த சந்தோஷம் அவர் குரலில் இருந்தது.

"நட்டு சரியில்ல சார். ஒரே பேஜாரு" என்று சொல்லிவிட்டு அந்த அண்ணா வேறு நட்டு எடுக்கப் பட்டறைக்குப் போனார்.

இரண்டாவது நட்டை வைத்து ரொம்ப நேரம் வெல்டிங் செய்தார். சூடு உள்ளே இறங்கினால் துருவின் பிடி விடும் என்று மாமா எனக்கு விளக்கினார். அவர் அதை வீடியோவில்தான் பார்த்திருப்பார், ஆனாலும் சரியாகத்தான் சொன்னார். சிவப்பு மங்கி நட்டு கறுத்ததும் ஸ்பேனரின் நுனியில் நீளக் குழாயைச் செருகி இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு தகரக் கதவு திறப்பது போல ஒரு முனகல். மாமா மல்லாக்க விழவில்லை.

"அசைஞ்சிடுச்சு" என்றார். எனக்கு அது போதும். வீட்டுக்குள் ஓடினேன். அம்மா சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ட்ரான்ஸ்ஃபர் சரியாயிடுச்சு."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "யாருடி சொன்னா?"

"மாமா."

அப்பா மாமாவுக்குப் போன் செய்திருக்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். கத்தியை வைத்துவிட்டு நேரே சாமி படத்திடம் போய் அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அம்மா அவ்வளவு அழகாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் பெருமை தாங்கவில்லை.

"பட்டறை அண்ணாதான் நட்டு வச்சு ஒட்டித் திருகினாரு. மொதல் நட்டு சாக்கடையில விழுந்துடுச்சு" என்றேன்.

"எது?"

"ட்ரான்ஸ்ஃபர்தான். ஜீப்போடது."

அம்மாவின் கை என் முதுகிலிருந்து மெல்ல இறங்கியது. திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. முடிச்சை மறுபடி படத்துக்கு முன்னால் வைத்தாள். அப்போதுதான் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கேட்டாள். "சரி" என்றாள். மறுபடி, "சரி" என்றாள். "எப்ப போய்ச் சேரணுமாம்?" என்று கேட்டாள். கடைசியாக, "வெயில்ல நிக்காதீங்க. எங்கயாவது சாப்பிட்டுட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வாசலில் மாமா ஆயில் ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மா தரையில் என் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

"வந்ததும் என்ன சொன்னே? இன்னொரு வாட்டி சொல்லு."

"ட்ரான்ஸ்ஃபர் சரியாயிடுச்சு."

"அப்படி இல்ல. ஓடி வந்து சொன்னியே, அது மாதிரி."

நான் வாசல்வரை போய் அங்கிருந்து ஓடி வந்து, முன்பைவிடச் சத்தமாகச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஜீப்பை அவளுக்கு இவ்வளவு பிடிக்கும் என்றால் மாமாவிடம் சொல்ல வேண்டியதுதானே என்று எனக்குத் தோன்றியது.