விஞ்ஞானி அப்பாவும் மிஷின் சத்தமும்

எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கும்போது நான் பேனாவை எடுத்தது அதிகப்படிதான். பத்தாவது வரை படித்தவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷினில் தகடு அடிக்கிறேன். நாலு பேர் கூடியிருந்தால் எனக்குப் பேச்சு வராது. எழுத்திலாவது வருகிறதா என்று பார்க்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போவதும் பெருமையான விஷயம் இல்லை. காமிக்ஸ் புத்தகத்தில் வரும் ஓர் அப்பா மேல் நான் பொறாமைப்பட்ட கதை.

அந்தப் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்ததே நான்தான். சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ் எங்களை இறக்கிவிடும் இடத்துக்குப் பின்னால் ஒரு பழைய பேப்பர் கடை. அங்கே காமிக்ஸ் கட்டுக்கட்டாகக் கிடந்தது. ஆறாவது படிக்கும் மகள் போனை விட்டுத் தலை நிமிர்வாளே என்று நாலைந்து வாங்கிப் போனேன். நிமிர்ந்தாள். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை.

வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றும் ஓர் இளைஞனின் கதை அது. அவனுடைய அப்பா விஞ்ஞானி. கால இயந்திரம் ஒன்றைச் செய்து, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அதில் ஏறிப் போய்விட்டார். எப்போதாவது வருவார். ஒரு புத்தகத்தில் தாடி நரைத்து வருவார், இன்னொன்றில் மகனைவிடச் சின்ன வயதில் வருவார். வந்து நின்றதும், "மகனே, நான் நாளையிலிருந்து வருகிறேன்" என்பார். எந்தப் பாலம் இடியப்போகிறது என்று சொல்லிவிட்டு இரண்டே பக்கத்தில் மறைந்துவிடுவார். மகன் அழுவான். என் மகளும் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனிதர் ஒரு நாளாவது ரேஷன் கடை வரிசையில் நின்றிருப்பாரா? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருப்பாரா? நான் தினமும் மாலை ஆறரைக்கு வீட்டுக்கு வருகிறேன். தினமும் வருகிறவனை யார் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறார்கள்?

ஞாயிறு மதியம் சாப்பிட்டதும் எல்லாரும் உட்கார்ந்து அந்தப் புத்தகங்களை நாடகம் மாதிரி வாய்விட்டுப் படிப்போம். யாருக்கு எந்தப் பாகம் என்று மகள்தான் பிரிப்பாள். பறக்கும் மகன் அவள். அழும் அம்மா என் மனைவி. மறுநாளைக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அழுதுவிடுவாள். விஞ்ஞானி அப்பா என் மைத்துனன்.

மைத்துனன், அதாவது என் மனைவியின் தம்பி, மண்ணூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். டிப்ளமோ படித்தவன். ஒரு கார் கம்பெனியில் ரோபோக்கள் வெல்டிங் வைக்கும் பிரிவில் வேலை. கணீரென்ற குரல். "மாமா ரோபோவுக்கே ஆர்டர் போடுவாரு" என்று மகள் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். வரும்போதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று மசால் வடை வாங்கி வருவான். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

எனக்குக் கிடைத்தது கால இயந்திரம்.

"ப்பா, நீ மிஷின் சவுண்டு."

"வசனம் எதுனா குடேன்" என்றேன்.

"நீ பேசுனா பக்கத்துல கீறவங்களுக்கே கேக்காதுப்பா. நீ மிஷினு. அவரு வர்றப்ப விர்ர்ர், போறப்ப டப்பு."

"மாமா இல்லன்னா நான் எப்டி வர்றது? பஸ் புடிச்சா வர முடியும்?" என்றான் மைத்துனன், என்னைக் காட்டி. ஆறுதலாகத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். நான் விர்ர்ர் என்றேன்.

ஒரு வாரம் வேண்டுமென்றே, அந்த அப்பா வராத துப்பறியும் கதைகளாகப் பொறுக்கி வாங்கிப் போனேன். மகள் புரட்டிப் பார்த்தாள். "இதுல மாமாவுக்கு வேலையே இல்லியே" என்று மூடி வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த மாதம் கடைக்காரர் ஒரு புத்தகத்தை எனக்காக எடுத்து வைத்திருந்தார். விஞ்ஞானி அப்பா திரும்பி வந்து வீட்டோடு தங்கிவிடும் புத்தகம். அதை நான் வீட்டில் காட்டவில்லை. சாப்பாட்டுப் பையிலேயே வைத்திருந்தேன். ஒரே ஒரு தடவை அந்த அப்பாவை நான் படிக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

கம்பெனியில், தேறாத பொருளில் கட்டும் சிவப்பு அட்டைகள் பழசானதும் குப்பைக்குப் போகும். அவற்றின் பின்பக்கம் வசனங்களை எழுதிக்கொண்டேன். அட்டை சின்னது. அதனால் அப்பா பேசுவதை மட்டும் எழுதினேன், மற்றவர்கள் பேசுவதை விட்டுவிட்டேன். பிரஸ் ஓடும் இடத்தில் எல்லார் காதிலும் அடைப்பான் இருக்கும். கை ஜாடைதான் பேச்சு. அங்கே நின்று தொண்டை கிழியக் கத்திப் பழகினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. டீ நேரத்தில் சூப்பர்வைசர் மட்டும், "இன்னாய்யா, மிஷினாண்ட நின்னுகினு மந்திரம் சொல்ற?" என்று கேட்டார்.

"பாட்டு சார்" என்றேன்.

மைத்துனனுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஓவர்டைம் என்று தெரிந்தது. அன்று மதியம் புத்தகத்தை வெளியே எடுத்தேன்.

மகள் புத்தகத்தின் மேலட்டையைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாள். "மாமா வரட்டும்ப்பா. இது அவரு கதையாச்சே."

"நான் படிக்கிறேன்."

"நீயா?"

"படிக்கட்டுமேடி" என்றாள் மனைவி. "அவரும் எத்தினி நாளைக்குத்தான் விர்ருனு சொல்லிக்கினே இருப்பாரு."

"அப்ப மிஷினு யாரு?"

"நான் பண்றேன். தெனம் மிக்ஸி ஓட்றவளுக்கு இது தெரியாதா?"

மனைவி விர்ர்ர் என்றாள். நான், "மகனே, நான் நாளையிலிருந்து வருகிறேன்" என்றேன். குரல் பிரஸ் ஷாப்பில் வந்த அளவுக்கே வந்துவிட்டது. மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். மகள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பதற்றத்தில் எனக்கு அடுத்த வசனமும் தானாக வெளியே வந்தது.

"இனி நான் எங்கும் போகமாட்டேன்."

"ப்பா, எப்ப போவீங்கன்னு நான் இன்னும் கேக்கவே இல்ல."

"சரி, கேளு."

அவள் கேட்க ஆரம்பிப்பதற்குள், "உன் அம்மாவை நான் ஒரு நாளும் மறக்கவில்லை" என்றுவிட்டேன்.

"நானும் இன்னும் கேக்கலியே" என்றாள் மனைவி.

எனக்குக் காது சுட்டது. என் அட்டைகளில் கேள்விகளே கிடையாது. பதில்கள் வரிசையாக நாக்கில் நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. புத்தகத்தை மூடப்போனேன். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு, இரு. அவருதான் நாளையிலேர்ந்து வர்றாரே. நம்ம இன்னா கேக்கப்போறோம்னு அவருக்கு முன்னாடியே தெரியும்ல? கரெக்டாத்தான் கீது. முதல்லேர்ந்து படிப்பா. எல்லாத்துக்கும் முன்னாடியே சொல்லு."

மூன்று தடவை படித்தோம். மூன்றாவது தடவை அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு, நான் பதில் சொல்லி முடித்த பிறகே ஒவ்வொரு கேள்வியையும் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். முடிந்ததும், "மாமாவுக்குக்கூட இது தோணலப்பா" என்றாள்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். மைத்துனன் எனக்கு முன்னாலேயே வந்திருந்தான். மகள் எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கேள்விக்கு முன்னால் பதிலாக அவன் அந்த அப்பாவைப் படித்தான், என்னைவிட நன்றாகவே. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து விர்ர்ர் என்றேன். அந்தப் புத்தகத்தில் அப்பா போவதில்லை. அதனால் டப்பு சொல்லும் வேலை இருக்கவில்லை.